காலண்டர் தாளில் நாலு வரி

சன்னலோரத்தை விட்டுக் குடுத்தியள்லா, நல்லா இருப்பிய. எனக்குக் கால்ல கொஞ்சம் மதமதப்பு. நீங்க தென்காசி வரைக்குமா? நான் அதுக்கு முன்னாலயே புளியங்குடியில எறங்கிருவேன். மதுரையில இருந்து மூணரை மணி நேரம் ஆவும். சும்மா வந்தா கழுத்துதான் வலிக்கும். பேசிக்கிட்டே போவோம் அண்ணாச்சி, ஒங்களுக்குத் தடை ஒண்ணுமில்லையே?

இந்தப் பையை எதுக்கு இப்படிக் கட்டிப் புடிச்சிருக்கான்னு பாக்கிய. நகைநட்டு ஒண்ணும் இல்ல. மூணு தாள் இருக்கு. காலண்டர்ல தினம் ஒண்ணு கிழிப்போம்லா, அந்தத் தாள். பின்பக்கம் நாலு நாலு வரி எழுதியிருக்கு. எழுதினவன் யாருன்னு ஏழு மாசமாத் தேடுதேன். அவன் மட்டும் கையில கெடைச்சான்னா அப்புறம் இருக்கு.

நான் சினிமாவுல இருக்கேன். பேரு குத்தாலிங்கம். கேள்விப்பட்டிருக்க மாட்டிய. ஒரு கம்பெனியில எனக்கு வேலையே கதை கேக்கதுதான். காலையில பத்து மணிக்கு உக்காந்தா சாயங்காலத்துக்குள்ள ஆறேழு பேரு வந்து ஒன்லைன் சொல்லுவான். ஒன்லைன்னா முழுக்கதை இல்ல, கதையோட வெதை. அத வச்சுத்தான் பின்னால திரைக்கதை பண்ணுவாவ. வெதை சொத்தையா நல்லதான்னு நான் பாத்துச் சொல்லணும். பதினோரு வருஷம் பாத்தேன். அத்தனையும் சொத்தை. ஒருநாள் கம்பெனிக்காரரு கூப்பிட்டு, நீரு ஒண்ணையாவது நல்லாருக்குன்னு சொல்லியிருக்கேரான்னு கேட்டாரு. இல்லைன்னேன். அதோட வீட்டுக்கு அனுப்பிட்டாரு. நல்லாருக்குன்னு சொல்ல ஊர்ல ஆளா இல்ல? எனக்கு இருக்கது குத்தம் கண்டுபுடிக்கிற கண்ணு. அது எல்லாருக்கும் வாய்க்காது.

நான் படம் எடுத்திருக்கனான்னு கேக்கிய. எல்லாரும் இதத்தான் கேக்காவ. எடுக்கத் தெரியாம இல்ல. எனக்குப் புடிச்ச மாதிரி ஒரு கதை இன்னும் அமையல, அம்புட்டுத்தான்.

வேலை போன பொறவு சாலிகிராமத்துல எங்க வீட்டு மொட்டைமாடியில ஒரு கூட்டம் ஆரம்பிச்சேன், அதுக்குப் பன்னெண்டு வருஷம் ஆச்சு. மேல ஆஸ்பெஸ்டாஸ் கூரை, கீழ ரெண்டு கோரப்பாய். ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு உதவி டைரக்டர், இணை டைரக்டர்னு பத்துப் பன்னெண்டு பேரு வருவானுவ. எல்லாம் முப்பது தாண்டினவனுவதான். கூட்டத்துக்கு ஒரு சட்டம் வச்சிருந்தேன். கதையைக் காலண்டர் தாளோட பின்பக்கம் நாலு வரியில எழுதணும். யாரு, அவனுக்கு என்ன வேணும், என்ன தடை, கடைசியில என்ன ஆவுது. அதுக்குள்ள அடங்கலன்னா அது கதையே இல்ல. பேரு போடக் கூடாது. பேரு தெரிஞ்சா தாட்சண்யம் வந்திரும்லா. படிக்கட்டு முடியிற எடத்துல ஒரு பிஸ்கட் டப்பா இருக்கும். வாரவன் தாளை மடிச்சு அதுல போட்டுட்டு வந்து உக்காரணும். நான் ஒவ்வொண்ணா எடுத்துச் சத்தமாப் படிப்பேன். படிச்சுட்டு வாயாலயே கிழிகிழின்னு கிழிப்பேன். எழுதினவன் அது நான்தான்னு காட்டிக்கிடக் கூடாது. வாயத் தொறந்து ஞாயம் பேசக் கூடாது. தியேட்டர்ல டிக்கெட் எடுத்தவன் பக்கத்துல போயி நீ உக்காந்து வெளக்கம் சொல்ல முடியுமா? முடியாதுல்லா.

என் வாயி கொஞ்சம் பொல்லாததுதான். மறைக்கல. முத்துக்கருப்பன்னு ஒருத்தன், ராமநாதபுரத்துக்காரன், முப்பத்தெட்டு வயசு. ஒரு தடவை ஒரு தாள் வந்துச்சு. ஆஸ்பத்திரியில கெடக்க அம்மாவுக்கு மகன் நான் டைரக்டர் ஆயிட்டேன்னு பொய் சொல்லுதான், அவ அந்தப் படத்தைப் பாக்கணும்னு உசிரைப் புடிச்சுக்கிட்டுக் கெடக்கா. இதான் கதை. நான் சொன்னேன், இந்த அம்மா எதுக்குலே இடைவேளை வரைக்கும் இழுக்கா, மொத சீன்லயே முடிச்சு விடு, பாக்கவனுக்கும் நிம்மதின்னேன். எல்லாரும் சிரிச்சான். இவன் மட்டும் எந்திரிச்சுக் கீழ போயிட்டான். அப்புறந்தான் தெரிஞ்சுது, அவங்க அம்மா நெசமாவே மதுரை ராஜாஜி ஆஸ்பத்திரியில கெடந்திருக்கா. நான் வருத்தப்படல அண்ணாச்சி. அழுக வந்துச்சுன்னா சொன்னது சரியான எடத்துல பட்டிருக்குன்னுதான அர்த்தம். அடுத்த வாரமும் வந்தாம்லா. மொட்டையடிச்சிட்டு வந்தான், ஆனா வந்துட்டான்.

பால்கோவா, பால்கோவாங்கான் பாருங்க. ஸ்ரீவில்லிபுத்தூர் வந்துட்டோம். ஏப்பா, அரைக்கிலோ குடு. வீட்டுக்காரிக்கு. அவளைக் கூட்டிட்டு வரத்தான் போறேன். புளியங்குடியில அவ அண்ணன் எலுமிச்சங்கா மண்டி வச்சிருக்கான். ஏழு மாசமா அங்கதான் இருக்கா.

பேரு உலகம்மா. எங்களுக்குப் பிள்ளைகுட்டி இல்ல. கல்யாணம் ஆயி இருவத்திரண்டு வருஷம். அவ பாட்டுக்கு இருப்பா. சாலிகிராமத்துல ஒரு பல் டாக்டர்கிட்ட டோக்கன் எழுதிக் குடுக்க வேலை பாத்தா. எழுத்து வேலைன்னு சொல்லிக்கிடுவா. நம்பரும் பேரும் எழுதுறது ஒரு எழுத்தான்னு பயலுவ முன்னால கேலி பண்ணுவேன், அவளும் சிரிச்சுக்கிடுவா. வீடு அதுலதான் ஓடுச்சு, அத நான் இல்லைங்கல. ஞாயித்துக்கிழமை அவளுக்கு லீவு. சரியாப் பதினோரு மணிக்குப் பன்னெண்டு டம்ளர் காபி மாடிக்கு வந்திரும். தட்டை வச்சுட்டு உடனே எறங்க மாட்டா. படிக்கட்டுப் பக்கத்துல கொஞ்ச நேரம் நிப்பா. காலு வலிக்கும்போலன்னு நெனச்சுக்கிடுவேன்.

இப்பம் தாளுக்கு வாரேன். போன ஆவணியில ஒரு ஞாயித்துக்கிழமை. டப்பாவுல கடைசியாக் கெடந்துச்சு. நீங்களே படிங்க, பதனமா, மடிப்புல நைஞ்சுபோயிருக்கு.

‘ஒரு பெண் ஒரு நாடகக் கம்பெனிக்கு இருபது வருடமாகச் சமைத்துப் போடுகிறாள். எல்லா நாடகமும் அவளுக்கு மனப்பாடம். நாடகம் எப்படி இருந்தது என்று ஒரு நாளாவது தன்னிடம் கேட்பார்கள் என்று காத்திருக்கிறாள். யாரும் கேட்கவில்லை, அவள் சமைத்துப் போடுகிறாள்.’

கையெழுத்து நல்லாருக்குல்லா? ஆனா கதை செத்த கதை. நான் விடல. அரை மணி நேரம் பிச்சு ஒதறிட்டேன். எலே, இந்தப் பொம்பளைக்கு இருவது வருஷமா என்ன வேணும்னா, ஒரு கேள்வி வேணுமாம். எவனாவது இதுக்கு டிக்கெட் எடுப்பானா? ஏன் யாரும் கேக்கல? அவகிட்டச் சொல்லதுக்கு ஒண்ணுமில்ல, அதான் கேக்கல. அடுப்படியில கெடக்கவளுக்கு நாடகத்தப் பத்தி என்ன தெரியும்? இதுல கோவப்பட வேண்டியது அவ மேலதான். இம்புட்டு வருஷமா எதுக்கு அங்கயே கெடக்கா? ரோசம் இருந்தா போயிருக்கணும்லா? அவளைப் போக வை. நாடகம் நடந்துக்கிட்டு இருக்கும்போதே போகணும். சொல்லிட்டுப் போனா அது வசனம், சொல்லாமப் போனாத்தான் காட்சி. அவ போனது ஒருத்தனுக்கும் தெரியக் கூடாது, சோறு வரலன்னுதான் தெரியணும். இப்படியெல்லாம் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே புல்லரிச்சுது. பயலுவ நோட்டுல எழுதிக்கிட்டானுவ. உலகம்மா டம்ளரை எடுக்க வந்தவ, எடுக்காம நின்னுக்கிட்டே இருந்தா. இங்கென்ன வேடிக்கைன்னேன். போயிட்டா.

அடுத்த வாரம் அதே கையெழுத்துல ரெண்டாவது தாள். இந்தா இது. நான் சொன்னது ஒண்ணு விடாம பண்ணியிருந்தான். நாடகம் நடக்கும்போதே அவ பின்வாசல் வழியாப் போறா. கூட்டத்துக்குப் பசிக்கப் பசிக்க, அப்பந்தான் ஒவ்வொருத்தனா அடுப்படியை எட்டிப் பாக்கான். அண்ணாச்சி, பன்னெண்டு வருஷத்துல நான் மொதமொதலாக் கைதட்டினேன். பயலுவ என்னயும் தாளையும் மாறி மாறிப் பாத்தான். இதான்லே கதை, ஒருத்தன் என் பேச்சைக் காதுல வாங்கியிருக்கான்னேன். எனக்குக் கண்ணு கலங்கிட்டு. என் சட்டத்தை நானே மீறி, இதை எழுதினவன் எந்திரிச்சு நில்லு, ஒன்னைக் கும்புடணும்னு சொன்னேன்.

ஒருத்தனும் எந்திரிக்கல. எல்லாரும் பாயில உக்காந்து ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாக்கான். நின்னது உலகம்மா மட்டுந்தான், படிக்கட்டுப் பக்கத்துல தட்டோட. காபி ஆறுது, வச்சுட்டுப் போன்னேன். வச்சுட்டுப் போயிட்டா.

நான் பேச்சை விடல. கதை நல்லாருக்கு, ஆனா முடிவு இன்னும் வரலைன்னேன். போனதோட நின்னா எப்படி? அவன் தேடிப் போகணும், அந்த நாடகக் கம்பெனிக்காரன். அவளா வந்திருவான்னு மாசக்கணக்குல பாத்துட்டு, சோத்துக்கு வழியில்லாமப் போகணும். சந்தை மாதிரி கூட்டமான ஒரு எடம். நாலு பேரு பாக்க அவ அவன்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேக்கணும். சின்னக் கேள்வி. அதுக்கு அவனுக்குப் பதில் தெரியக் கூடாது. அங்க படம் முடியணும்னேன். என்ன கேள்வின்னு ஒருத்தன் கேட்டான். அத எழுதினவன் யோசிக்கட்டும், எல்லாத்தையும் நானே பண்ணணுமான்னேன்.

அதுக்கடுத்த ஞாயித்துக்கிழமை கூட்டம் சூடா நடந்துக்கிட்டு இருக்கு. பதினொண்ணு ஆச்சு, காபி வரல. பதினொண்ணரை ஆச்சு. ஏ உலகம்மான்னு மேல இருந்து சத்தம் போட்டேன். முத்துக்கருப்பனைக் கீழ அனுப்பினேன். வந்து, அண்ணே, அடுப்பு பத்த வைக்கவே இல்ல, அக்காவக் காணும், அவங்க பொட்டியும் இல்லைன்னான். ஒரு சீட்டு எழுதி வைக்கல, ஒரு வார்த்தை சொல்லல. மறுநாள் மச்சான் போன் போட்டு, இங்க வந்துட்டா, கொஞ்ச நாள் இருக்கட்டும்னான். சரி, கோவில் கொடைத் திருவிழா வருது, இருந்துட்டு வரட்டும்னு விட்டுட்டேன்.

அன்னைக்கு முத்துக்கருப்பன் பாயில உக்காந்து என்ன சொன்னான் தெரியுமா? ‘அண்ணே, அந்தக் கதையில வர்ற மாதிரியே இருக்குண்ணே’ன்னான். மெதுவாத்தான் சொன்னான். எனக்கு ஆத்திரம் பொத்துக்கிட்டு வந்துட்டு. ஏன்னா அந்தத் தாளைத் திருப்பிப் பாருங்க, முன்பக்கம் என்ன பேரு போட்டிருக்கு? புளியங்குடி எலுமிச்சை மண்டி. என் மச்சான் மண்டிக் காலண்டர். அது மெட்ராஸ்ல எங்க அடுப்பங்கரையில மட்டுந்தான் தொங்குது. டம்ளர் கழுவுதேன், டம்ளர் கழுவுதேன்னு அடுப்பங்கரைக்குள்ள போறவன் யாரு? இவன்தான். இவன் கிழிச்சு இவனே எழுதியிருக்கான். என் வீட்டுத் தாள்ல எனக்கே கதை. செத்துப்போன எங்கம்மா சத்தியமா நான் இல்லைண்ணேன்னு அழுதான். அம்மாவை வச்சுத்தான் நீ எப்பமும் பொழைக்கன்னேன். மட்டமான வசனம், எந்திரிச்சுப் போன்னு எல்லாரு முன்னாலயும் வெரட்டி விட்டேன். ஊருக்கே போயிட்டானாம். டைல்ஸ் கடையில நிக்கான்னு சொல்லுதாவ. போகட்டும், சினிமாவுக்கு ஒரு கெட்ட கதை மிச்சம்.

ஆனா அவன் இல்ல போல அண்ணாச்சி. அதான் இப்பம் மண்டையைக் கொடையுது. போன மாசம் தபால்ல மூணாவது தாள் வந்துச்சு. அதே கையெழுத்து. முத்திரை அழிஞ்சிருக்கு, பின்கோடு மட்டும் அறுபத்திரண்டுன்னு ஆரம்பிக்கு. அது நம்ம தெக்கத்தி நம்பர். கூட்டத்துல நாலஞ்சு தெக்கத்திப் பயலுவ உண்டு, எவனாவது லீவுக்கு வந்தப்பம் போட்டிருப்பான்.

‘சந்தையில் எல்லாரும் பார்க்க அவன் அவளைக் கூப்பிடுகிறான். நான் சமைத்ததில் உனக்குப் பிடித்தது எது என்று அவள் கேட்கிறாள். அவன் யோசிக்கிறான். அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை.’

எப்படி இருக்கு? ஆமா, நல்லாத்தான் இருக்கு. ஆனா கேள்வி கொஞ்சம் பலம் பத்தல. இதையெல்லாம் கேட்டா ஒருத்தன் முழிப்பான்? எவனும் டக்குன்னு சொல்லிருவான்லா. தயாரிப்பாளரும் அதேதான் சொன்னாரு.

தயாரிப்பாளரா? ஒங்ககிட்டச் சொல்லதுக்கு என்ன, நீங்க ஒண்ணும் சினிமாக்காரரு இல்ல. நான் இந்தக் கதையை ஒருத்தருகிட்டச் சொல்லிட்டேன். அவருக்குப் புடிச்சுப் போச்சு. வார வெள்ளிக்கிழமை முழுக்கதையும் சொல்லணும். என் பேருலதான். அதுல தப்பு என்ன இருக்கு? அவன் எழுதினது என்ன, அடுப்படியில நிக்க ஒரு பொம்பளை. அவளைப் போக வச்சது நான். தேடிப் போக வச்சது நான். முக்காவாசி என்னுதுதான. இருந்தாலும் படம் வர்ற நேரத்துல எவனாவது என் கதைன்னு வந்து நிப்பானோன்னு ஒரு பயம் இருக்கத்தான் செய்யுது. அதான் தேடுதேன்.

உலகம்மாவை இப்பம் கூட்டிட்டு வரதும் அதுக்குத்தான். வெளிய சொல்ல வெக்கமா இருக்கு அண்ணாச்சி, அவ போனதுல இருந்து எனக்கு ஒரு வரி ஓடல. வீடு வீடா இல்ல. கூட்டத்துக்கும் மூணு பேருதான் வாரான், அதுவும் ஒழுங்கா வரதில்ல. பதினொண்ணு அடிச்சா என்னையறியாம படிக்கட்டைப் பாக்கேன். ஒரு நாளு அங்கயே உக்காந்து அழுதுட்டேன். வயசாவுதுல்லா. கடையில காபி குடிச்சா நெஞ்சைக் கரிக்கி. வெள்ளிக்கிழமைக்குள்ள அவ வந்து ஒரு டம்ளர் காபியை முன்னால வச்சான்னா நான் முழுசா எழுதி முடிச்சிருவேன்.

என்ன கேட்டிய? அந்தக் கையெழுத்து எங்க வீட்டுக்காரியோடதான்னா?

நல்லாக் கேட்டிய போங்க. அவளுதா இல்லையான்னு நான் எப்படிச் சொல்லுவேன், அவ கையெழுத்தை நான் பாத்ததே இல்ல. நெசமாத்தான் சொல்லுதேன். இருவத்திரண்டு வருஷத்துல அவ எனக்குக் கடுதாசி எழுதினதில்ல, எழுதிக் காட்டினதும் இல்ல. டோக்கனை நான் எதுக்குப் பாக்கப் போறேன், எனக்குப் பல்லு நல்லாத்தான் இருக்கு. நீங்க எங்க வாரியன்னு எனக்குப் புரியுது. ஆனா ஒங்க கதையில ஓட்டை இருக்கு அண்ணாச்சி. கோவப்படாதிய, என் தொழில் இது. பக்கத்துல நின்னு பன்னெண்டு வருஷம் கேட்டுட்டா மட்டும் ஒருத்திக்கு எழுத வந்திருமா? வந்தாலும் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டாளா? பாக்கவன் நம்ப மாட்டான். இத அப்படியே சொன்னா மொத வரியிலயே கிழிச்சிருவேன்.

அவ எழுதுதான்னு மச்சானும் என்னமோ சொன்னான், போன்ல. எந்நேரமும் தாளும் பேனாவுமா இருக்கா, கேட்டா சிரிக்கா, ராமநாதபுரத்துல இருந்து ஒருத்தரு அவகிட்ட அடிக்கடி போன்ல பேசுதாரு, அவரும் பழைய சினிமாக்காரராம்னான். மண்டிக்கு எலுமிச்சங்கா வாங்க வாரவனா இருக்கும். மச்சானுக்கு எல்லாத்துலயும் ஒரு குழப்பம். இந்தப் பால்கோவாவைப் பாத்ததும் ஞாபகம் வருது, அவளுக்குச் சக்கரை இருக்குன்னும் சொன்னான். சரி, மச்சான் பிள்ளைக தின்னும்.

வாசுதேவநல்லூர் தாண்டிட்டோம். இன்னும் கொஞ்ச நேரந்தான்.

என்ன அண்ணாச்சி, மறுபடியும் அந்தத் தாளையே பாக்கிய? எனக்கா? உலகம்மா சமைச்சதுல எனக்குப் புடிச்சது எதுன்னா கேக்கிய. அதுக்கென்ன, டக்குன்னு சொல்லிருவேன். எல்லாமே நல்லாத்தான் பண்ணுவா. குழம்பு. என்ன குழம்புன்னா, எல்லாக் குழம்பும்தான். கத்தரிக்கா போட்டு ஒண்ணு வைப்பா, இல்ல, அது எங்க அம்மா வைக்கிறது. நான் வாய்ல கதையைப் போட்டு மென்னுக்கிட்டேதான் திம்பேன், தட்டுல என்ன இருந்துச்சுன்னு எவன் குறிச்சு வச்சான்? காபி. காபி நல்லாப் போடுவா. அது சமையல்ல சேராதுல்லா. சரி விடுங்க. நீங்க கேக்கிய. அவ கேக்க மாட்டா. இன்னைய வரைக்கும் அவ எங்கிட்ட எதுவுமே கேட்டதில்ல.

புளியங்குடியா? வந்துட்டா? எறங்கணும், எறங்கணும், கொஞ்சம் நிறுத்துங்க கண்டக்டர். அந்தா தெரியுது பாருங்க, அதான் மச்சான் மண்டி. ஏலம் நடக்கு போல, எம்மா கூட்டம். நான் இந்தப் பஸ்ல வாரேன்னு நேத்தே போன்ல சொல்லிட்டேன். கூட்டமா இருக்கதும் நல்லதாப் போச்சு. நாலு பேரு பாக்க வந்து கூப்பிட்டான்னு இருந்தா அவளுக்கும் ஒரு கவுரவம்லா.

அந்தா நிக்கா, பச்சைச் சேலை, மூட்டைகளுக்கு நடுவுல. என்னையப் பாத்துட்டா. வாரா பாருங்க, சிரிச்சுக்கிட்டே வாரா. சொன்னேம்லா அண்ணாச்சி, கோவமெல்லாம் எப்பமோ போயிருக்கும். என்னமோ கேக்கா, இந்த இரைச்சல்ல ஒண்ணும் காதுல விழல.

பையை மட்டும் சன்னல் வழியாக் குடுத்துருங்க. எறங்கிக் கேட்டுக்கிடுதேன்.